கரைமேட்டில் நெடுந்தூரம் ஓட ஒரு பழைய சைக்கிள்: வாங்கும் முன் என்ன பார்ப்பது?

பழைய சைக்கிள் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் கம்பெனிப் பெயரைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். ராலே வாங்கலாமா, பி.எஸ்.ஏ. வாங்கலாமா, ஹம்பர் கிடைத்தால் விடக் கூடாதாமே என்று. நான் அவர்களிடம் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அந்த வண்டியை இதுவரை ஓட்டியவர் யார், பின்னால் என்ன ஏற்றினார்? கரடுமுரடான பாதையில் நெடுந்தூரம் போக வண்டி தேர்ந்தெடுக்கும்போது, ஹேண்டிலுக்குக் கீழுள்ள தலைக்குழாயில் ஆணியடித்த பித்தளைப் பட்டயத்தைவிட இந்தக் கேள்விக்கான பதில்தான் உதவும்.

தஞ்சாவூர்ப் பக்கத்து ஒரத்தநாட்டில் என் அப்பா வாடகை சைக்கிள் கடை நடத்தினார். அதே இடத்தில் நான் பழுது பார்க்கிறேன், பழைய வண்டிகளைச் சீரமைத்துக் கொடுக்கிறேன். மழை முடிந்து பொங்கல் கழிந்ததும், கல்லணைக் கால்வாய்க் கரையைப் பிடித்துக்கொண்டு இரண்டு மூன்று நாள் போய்வர ஆசைப்படும் இளைஞர்கள் என்னிடம் வருவார்கள். 1934இல் மேட்டூர் அணையோடு சேர்ந்து வந்த கால்வாய் அது. எங்கள் பக்கத்தில் புது ஆறு என்போம். கரையில் கொஞ்ச தூரம் தார் இருக்கும், பிறகு செம்மண், பிறகு சரளை. மதகுக்குப் பக்கத்தில் பெருஞ்ஜல்லி கொட்டிக் கிடக்கும். இங்கே நான் சொல்வதெல்லாம் அப்படிப்பட்ட சமவெளிப் பாதையை மனத்தில் வைத்துத்தான். ஏற்காடோ கொடைக்கானலோ ஏற எண்ணினால் வேறு வகை வண்டி பாருங்கள்.

இந்தப் பாதைக்கு நான் கைகாட்டுவது 28 அங்குலச் சக்கரமும், கேபிளுக்குப் பதில் இரும்புக் கம்பியால் இழுக்கும் ராடு பிரேக்கும் கொண்ட கறுப்பு சைக்கிளைத்தான். அது மோசமான சாலைக்காகவே பிறந்தது. முன் ஃபோர்க் நன்றாகச் சாய்ந்து முன்னால் நீண்டிருக்கும்; இரண்டு சக்கரத்துக்கும் நடுவே இடைவெளி அதிகம். அதனால் குழியில் விழுந்தாலும் ஹேண்டில் வெடுக்கென்று திரும்பாது, அதிர்ச்சியில் ஒரு பகுதியை ஃபோர்க்கே வளைந்து வாங்கிக்கொள்ளும். டயர் 28 × 1½, ஏறக்குறைய 40 மில்லிமீட்டர் அகலம். சரளைக்கு அது போதும். எடை 20 கிலோவை ஒட்டி வரும் என்பது உண்மைதான். சமவெளியில் அந்த எடையைத் தள்ளத் தொடங்கும்போதுதான் உணர்வீர்கள், உருளத் தொடங்கிய பிறகு அது உங்கள் பக்கம் நிற்கும்.

எந்த நிறுவனம் என்ற கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். டி.ஐ. சைக்கிள்ஸ் 1949இல் பிரிட்டிஷ் கூட்டோடு தொடங்கி, அம்பத்தூரிலிருந்து ஹெர்குலிஸ், பிலிப்ஸ், பி.எஸ்.ஏ. வண்டிகளைக் கொடுத்தது. வங்காளத்து ஆசன்சோலில் சென்-ராலே. சோனிபட்டில் 1951இல் அட்லஸ். லூதியானாவில் 1956இல் ஹீரோ. இவற்றில் எது கிடைத்தாலும் எனக்குச் சம்மதம். இந்தியாவில் செய்த கறுப்பு வண்டிகளின் டயர், டியூப், செயின், ஃப்ரீவீல், பிரேக் கட்டை எல்லாம் இன்றைக்கும் ஊருக்கு ஊர் கடைகளில் தொங்குகின்றன. பேராவூரணியில் பஞ்சர் ஒட்டுகிறவரிடமும் கிடைக்கும்.

இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த நாட்டிங்ஹாம் ராலே அழகான வண்டி. செயின் சக்கரத்தில் நாரையின் தலைகள் செதுக்கியிருக்கும். அதைக் கையில் எடுத்துத் துடைக்கும்போது எனக்கும் மனம் நெகிழும். ஆனால் ராலே தன் பெடல் அச்சைத் தாங்கும் கப்புகளுக்கு அங்குலத்துக்கு 26 மரை வெட்டியது. மற்றவர்கள் பெரும்பாலும் 24 மரை. வழியில் கப்பு உடைந்தால் ஊர்க்கடைக் கப்பு அதில் ஏறாது. பலவந்தமாக ஏற்றினால் அறுபது ஆண்டு தாங்கிய மரை பத்து நிமிடத்தில் போய்விடும். ஹம்பரின் இரட்டைக் குழாய் ஃபோர்க்கும் அப்படித்தான். பார்க்க இணையில்லை, ஆனால் வளைந்துவிட்டால் நிமிர்த்தத் தெரிந்த கை அரிது. அப்படிப்பட்ட வண்டிகளை வீட்டில் வைத்துப் போற்றுங்கள், ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓட்டுங்கள். புது ஆற்றுக் கரைக்கு அழைத்துப் போகாதீர்கள்.

யார் ஓட்டிய வண்டி?

இனி முதல் கேள்விக்கு வருகிறேன். நான் முதலிடம் கொடுப்பது பள்ளி ஆசிரியர், கோயில் குருக்கள், கிராம அலுவலக எழுத்தர் போன்றவர்கள் வைத்திருந்த வண்டிக்கு. ஒரே ஆள், ஒரே பாதை, கேரியரில் ஒரு பையோ டிபன் கேரியரோ. வாரம் ஒருமுறை எண்ணெய் கண்டிருக்கும், இரவில் திண்ணையிலோ ரேழியிலோ நின்றிருக்கும். பெயின்ட் மங்கியிருக்கலாம், ஃப்ரேம் நேராக இருக்கும்.

பால்காரர் வண்டியை நான் எளிதில் எடுப்பதில்லை. இரண்டு பக்கமும் கேன் தொங்கவிட்டு ஆண்டுக்கணக்கில் ஓடியிருந்தால் பின்பக்கக் குழாய்கள் மெல்ல அகன்றிருக்கும். பின் அச்சு நிற்கும் வெட்டுகள் ஒன்றுக்கொன்று இணையாக இருக்காது. அதனால் அச்சு வளையும், சில நேரம் முறியும். இளநீர், மூட்டை, சிலிண்டர் ஏற்றிய வண்டிகளும் இதே கதைதான். மேலே இரண்டு பார் வைத்த டபுள் பார் வண்டி இந்தப் பாரத்துக்காகவே செய்யப்பட்டது. அதை வாங்குவதில் தவறில்லை, ஆனால் உங்கள் பயணத்துக்கு அந்த இரும்பு தேவையில்லை.

வாடகைக் கடை வண்டி என்றால் இன்னும் கவனம் வேண்டும். மணிக்கணக்கு வாடகைக்குப் போன வண்டியில் சைக்கிள் பழகாத பிள்ளை இல்லை. குரங்குப் பெடல் போட்டவர்கள் எத்தனை முறை கீழே போட்டிருப்பார்கள்! பின் மட்கார்டில் பெயின்டால் எழுதிய எண்ணோ கடைப் பெயரோ புதுப் பூச்சுக்கு அடியில் மேடாகத் தெரியும். வெயிலில் சாய்த்துப் பாருங்கள். எண் இருந்தாலே ஒதுக்க வேண்டாம், ஃப்ரேமை இரு மடங்கு கவனமாகச் சோதியுங்கள்.

ஊரையும் கேளுங்கள். வேதாரண்யத்து உப்பளத்திலும் மல்லிப்பட்டினம், அதிராம்பட்டினம் கடற்கரையிலும் ஓடிய வண்டிக்கு வெளியே எவ்வளவு பூச்சுப் பூசினாலும் உள்ளே குழாய் அரித்திருக்கும். அதே வயதுள்ள புதுக்கோட்டைப் பக்கத்து வண்டி உலர்ந்த காற்றில் நின்றதால் திடமாக இருக்கும். விற்பவர் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். சீட்டுக் கம்பியைத் தளர்த்தி வெளியே இழுங்கள். சுலபமாக வந்தால் நல்ல அறிகுறி. வராமல் துருவோடு ஒட்டிப்போயிருந்தால், அந்த வழியாகத் தண்ணீர் இறங்கிப் பெடல் அச்சுக் கூட்டில் தேங்கியிருக்கும் என்று பொருள். வண்டியைப் புரட்டி அந்தக் கூட்டின் அடியை நாணயத்தால் தட்டுங்கள். கணீரென்று வர வேண்டும். சப்பென்று மந்தமாக ஒலித்தால் அங்கே இரும்பு மெலிந்துவிட்டது.

ஃப்ரேமும் ஃபோர்க்கும்

மற்ற எல்லாவற்றையும் மாற்றலாம், ஃப்ரேம் கோணிவிட்டால் மாற்ற முடியாது. அதனால் பேரம் பேசும் முன் இதற்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். விற்பவர் அவசரப்படுத்தினால் அங்கிருந்து கிளம்பிவிடலாம்.

ஹேண்டிலுக்குக் கீழே தலைக்குழாயில் மேல் குழாயும் கீழ்க் குழாயும் வந்து சேரும் இடத்துக்குச் சற்றுப் பின்னால், அடிப்பக்கமாக விரலை ஓட்டுங்கள். அங்கே சுருக்கமோ சிறு வீக்கமோ பெயின்ட் வெடிப்போ தட்டுப்பட்டால் அந்த வண்டி முன்னால் எதிலோ மோதியிருக்கிறது. பிறகு பக்கவாட்டில் பத்தடி தள்ளி நின்று ஃபோர்க்கைப் பாருங்கள். அதன் மேற்பாதி தலைக்குழாயின் நேர்கோட்டிலேயே இறங்கி, கீழே வந்த பிறகுதான் முன்னால் வளைய வேண்டும். மேலேயே பின்னுக்குத் தள்ளியிருந்தால் வேண்டாம். நிமிர்த்தித் தருகிறேன் என்பார்கள். நிமிர்த்திய ஃபோர்க் தார்ச்சாலையில் ஓடும். ஜல்லியில் மணிக்கணக்கில் அதிரும்போது அது எந்த இடத்தில் விடும் என்று யாராலும் சொல்ல முடியாது, உங்கள் முகம் இருப்பது அதற்கு நேர் மேலே.

கோணல் பார்க்க ஒரு நூல் போதும். பின் அச்சின் ஒரு முனையில் கட்டி, தலைக்குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து மறுமுனையில் கட்டுங்கள். இறுக்கமாக நிற்கும் நூலுக்கும் சீட்டுக் குழாய்க்கும் உள்ள இடைவெளியை இரு பக்கமும் அளந்தால் ஒரே அளவு வர வேண்டும். ஓரிரு மில்லிமீட்டர் வித்தியாசத்துக்கு நான் கவலைப்பட மாட்டேன், விரல் அளவு வித்தியாசம் என்றால் விட்டுவிடுவேன். நூல் இல்லையென்றால் இரண்டு டயரையும் நனைத்து, காய்ந்த சிமென்ட் தரையில் நேராக ஓட்டிப் பாருங்கள். பின் சக்கரத்தின் ஈரத்தடம் முன் சக்கரத் தடத்தின் மேலேயே விழ வேண்டும்.

ஃப்ரேமின் உயரம் உங்களுக்குப் பொருந்துவதும் முக்கியம். 22 அங்குலமும் 24 அங்குலமும்தான் அதிகம் கிடைக்கும். 24 கம்பீரமாகத் தெரியும் என்பதற்காக வாங்காதீர்கள். வெறுங்காலோடு பாரின் இரு பக்கமும் கால் ஊன்றி நின்றால், பாருக்கும் உங்களுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளியாவது வேண்டும். மணலில் சக்கரம் புதைந்து சட்டென்று கால் ஊன்ற நேரும்போது அந்த இடைவெளியின் அருமை தெரியும். உயரம் குறைந்தவர்கள் 26 × 1⅜ டயர் போட்ட 20 அங்குல வண்டியைப் பார்க்கலாம். அதற்கும் டயர் தாராளமாகக் கிடைக்கும். 27 அங்குலச் சக்கரம் கொண்ட பழைய பந்தய வகை வண்டி கண்ணுக்கு அழகாகப் பட்டாலும், அதன் மெல்லிய டயர் சரளைக்கு ஆகாது. கிராமத்துக் கடையில் கிடைக்கவும் கிடைக்காது.

சக்கரம்

முன் சக்கரத்தில் 32, பின் சக்கரத்தில் 40 ஸ்போக்ஸ் கம்பிகள். ஒவ்வொன்றையும் விரலால் மீட்டுங்கள். ஏறக்குறைய ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். ஒன்றிரண்டு தொளதொளத்தால் இறுக்கிக்கொள்ளலாம். ஒரே இடத்தில் நான்கைந்து தளர்ந்திருந்தால் அங்கே ரிம் வளைந்து, கோட்டம் எடுக்கிறேன் என்று கம்பியைத் தளர்த்தி ஒப்பேற்றியிருக்கிறார்கள்.

ராடு பிரேக் வண்டியில் கோட்டம் பார்ப்பதற்கு ஒரு தனிக் குறிப்பு உண்டு. கேபிள் பிரேக்கில் கட்டை ரிம்மைப் பக்கவாட்டில் பிடிக்கும். ராடு பிரேக்கில் கட்டை மேல்நோக்கி எழும்பி, ரிம்மின் மையத்தைப் பார்த்த முகத்தை அழுத்தும். அதனால் சக்கரம் இடவலமாகக் கொஞ்சம் ஆடினாலும் சமாளிக்கலாம். மேலும் கீழுமாக எகிறினால் ஒவ்வொரு சுற்றிலும் பிரேக் கட்டை இடிக்கும், பிடி ஒரு சீராக இருக்காது. பிரேக் கட்டையின் பக்கத்தில் சுண்ணாம்புக் குச்சி ஒன்றை அசையாமல் பிடித்துச் சக்கரத்தைச் சுற்றினால் ஏற்ற இறக்கம் தெரிந்துவிடும். கல்லில் மோதி ரிம் ஓரம் பள்ளம் விழுந்திருந்தால் அந்த ரிம்மை மாற்றிவிடுவதே நல்லது. புது ரிம்முக்கும் கம்பி கட்டும் கூலிக்கும் சேர்த்து விலையில் குறைக்கச் சொல்லுங்கள். எஃகு ரிம் நனைந்தால் பிரேக் பாதிதான் பிடிக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஐப்பசி கார்த்திகையில் இந்தப் பயணம் வேண்டாம் என்று நான் தடுப்பதற்கு அது ஒரு காரணம். மட்கார்டுக்குள் அப்பி நின்று சக்கரத்தையே நிறுத்திவிடும் டெல்டாக் களிமண் இன்னொரு காரணம்.

சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிப் பிடித்து மெல்ல விடுங்கள். வால்வ் இருக்கும் பக்கம் தானாகக் கீழே வந்து, ஊஞ்சலாடி நிற்க வேண்டும். ரிம்மைப் பிடித்து இடவலமாக அசைத்தால் டொக்கென்ற சத்தம் வரக் கூடாது. வந்தால் குண்டுகள் உருளும் கோனும் கப்பும் தேய்ந்திருக்கலாம், அல்லது வெறுமனே தளர்ந்திருக்கலாம். பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். எப்படியும் வாங்கியதும் முழு ஓவர்ஹால் செய்து, எல்லாப் பால்ரஸையும் புதிதாகப் போடுங்கள். முன் சக்கரத்துக்கு 3/16 அங்குலம், பின் சக்கரத்துக்கும் பெடல் அச்சுக்கும் ¼ அங்குலம். பழைய குண்டுகளோடு இரண்டு புதுக் குண்டு சேர்த்துப் போடும் சிக்கனம் கூடாது. அளவில் மயிரிழை பெரிதாக இருக்கும் புதுக் குண்டுகளே முழுப் பாரத்தையும் சுமந்து கப்பைக் கெடுக்கும்.

ஹேண்டில் பால்ரஸைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மிக மெதுவாக இடமிருந்து வலமாகத் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் லேசாகப் பள்ளத்தில் விழுந்ததுபோல் நின்றால், குண்டுகள் கப்பில் குழி பறித்துவிட்டன. மணலில் சமன் செய்ய ஹேண்டில் வழவழவென்று திரும்ப வேண்டும். அந்தக் கப்பை அவசியம் மாற்றுங்கள்.

மிதிக்கும் பகுதி

பெடல் மாட்டிய கையான கிராங்கை அச்சோடு பிணைக்கும் காட்டர் பின் என்ற ஆப்புதான் நெடும்பயணத்தில் அதிகம் தொல்லை கொடுப்பது. இரண்டு பெடலையும் தரைக்கு இணையாக நிறுத்தி, இரண்டிலும் கையை ஊன்றி அழுத்துங்கள். பிறகு அரைச் சுற்றுச் சுற்றி மறுபடி அழுத்துங்கள். ஏதாவது ஒரு நிலையில் கிராங்க் சற்று நழுவினால் காட்டர் பின் தேய்ந்திருக்கிறது. அது மலிவு, உடனே மாற்றலாம். ஆனால் தளர்ந்த பின்னோடு நெடுநாள் ஓட்டியிருந்தால் அச்சில் பின் உட்காரும் வெட்டும் சிதைந்திருக்கும். அப்போது அச்சையே மாற்ற வேண்டும். பின்னை வெளியே எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது. புதுப் பின்னை அரத்தால் ராவி, முகம் முழுதும் படியும்படி அடித்து இறக்கிய பிறகே நட்டை முடுக்க வேண்டும். நட்டைத் திருகிப் பின்னை இழுக்கப் பார்த்தால் மரைதான் போகும்.

கடையிலிருந்து வரும்போது பெரும்பாலும் முன்னால் செயின் சக்கரத்தில் 44 பல், பின்னால் ஃப்ரீவீலில் 18 பல் இருக்கும். ஒரு மிதிக்கு, அதாவது பெடலின் ஒரு முழுச் சுற்றுக்கு, ஐந்தரை மீட்டர் போகும். தார்ச்சாலைக்கு அது சரி. செம்மண்ணிலும் எதிர்க்காற்றிலும் முழங்கால் கெஞ்சும். பின்னால் 22 பல் ஃப்ரீவீல் போட்டால் ஒரு மிதிக்கு நான்கரை மீட்டர். நாள் முழுதும் மிதிக்கலாம். செயினில் ஓர் அங்குலம் சேர்க்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். இந்த ஒரு மாற்றத்தைச் செய்யாமல் என் கடையிலிருந்து யாரையும் கரைக்கு அனுப்புவதில்லை.

பழைய இங்கிலாந்து வண்டிகளில் பின் சக்கரத்தின் நடுவில் ஸ்டர்மி ஆர்ச்சர் மூன்று கியர் ஹப் அகப்படும். ஏ.டபிள்யூ. என்று பொறித்திருந்தால் கூடவே செய்த ஆண்டும் இருக்கும். அருமையான இயந்திரம். நடுக் கியர் நேர் ஓட்டம், மற்றவை அதைவிடக் கால் பங்கு குறைவும் மூன்றில் ஒரு பங்கு கூடுதலும். எண்ணெய் விட்டுக்கொண்டே இருந்தால் தலைமுறை தாண்டி உழைக்கும். ஆனால் அதன் கேபிள் சற்று இளகினால் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே பிடிப்பற்ற ஓரிடத்தில் பெடல் வெறுமனே சுற்றும். எழுந்து நின்று மிதிக்கும்போது அது நடந்தால் விழுவீர்கள். கேபிளைச் சரி செய்யத் தெரிந்தவர்கள் மட்டும் கொண்டு போங்கள்.

முழுச் செயின் கவர் இருந்தால் கழற்றாதீர்கள். செம்மண் தூசியிலிருந்து செயினைக் காப்பது அதுதான். பஞ்சர் ஆனால் சக்கரத்தைக் கழற்ற இடைஞ்சல் என்பார்கள். நம் ஊரில் பஞ்சருக்குச் சக்கரத்தைக் கழற்றுவது யார்? டயரின் ஒரு பக்கத்தை நெம்பி, டியூபை வெளியே இழுத்து, ஒட்டி, உள்ளே தள்ளிவிடுவோம்.

சீட்டு தோல் என்றால் அழுத்திப் பாருங்கள், வெடிப்பு இருக்கக் கூடாது. அடியில் சுருள் வில்கள் இரண்டும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். நிமிர்ந்து உட்காரும் வண்டியில் உடலின் பாரம் முழுதும் சீட்டின் மேல்தான், அதனால் வில் இல்லாத சீட்டு வேண்டவே வேண்டாம். கேரியரின் கால்கள் அச்சு வரை இறங்குவதாக இருக்கட்டும். மட்கார்டில் மட்டும் தொங்கும் கேரியர் முதல் நாளிலேயே முறியும்.

விலை பேசும்போது, பழையது என்ற பெருமைக்காகப் புதுக் கறுப்பு சைக்கிளின் விலையைத் தாண்டிப் போக வேண்டாம். நிக்கல் பூச்சும் தங்கக் கோடும் போட்டு மினுக்கிய வண்டியைவிட, தூசி படிந்து தொடப்படாமல் நிற்பதே எனக்குப் பிடிக்கும். அதன் குறை எல்லாம் கண்ணுக்குத் தெரியும். ஃப்ரேம் எண்ணைப் பார்த்து, அந்த எண்ணோடு விற்பவரிடம் கைப்பட ஒரு சீட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஓவர்ஹால் முடிந்ததும் கேரியரில் பத்துப் பதினைந்து கிலோ கட்டிக்கொண்டு, பக்கத்து ஊர் வரை கப்பிச்சாலையில் போய்வாருங்கள். திரும்பியதும் காட்டர் பின்கள், அச்சு நட்டுகள், மட்கார்டுக் கம்பிகள், ஸ்போக்ஸ் எல்லாவற்றையும் மறுபடி முடுக்குங்கள். புதிதாகப் போட்டவை அப்போதுதான் இளகும். பையில் ஒரு டியூப், பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன், வால்வுக்குள் மாட்டும் ரப்பரான வால்டியூப் ஒரு முழம், காட்டர் பின் இரண்டு, முன் சக்கர அளவில் இரண்டு கம்பி, பின் சக்கர அளவில் நான்கு, பிரேக் கட்டை ஒரு ஜோடி, காற்றடிக்கும் பம்பு, சிறு சுத்தியல், அளவுக்கேற்ற ஸ்பேனர்கள். காற்றைக் கல்லாக அடிக்க வேண்டாம். கட்டைவிரலால் அழுத்தினால் டயர் சற்றே அமுங்கட்டும். வெயில் ஏறினால் உள்ளே காற்று இன்னும் இறுகும்.